அந்தப் பிள்ளையை அழச் சொல்லாதீர்கள்

குடும்பக் கதைகளைப் படமாக்கும் இளம் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இயக்குநர்களுக்கு,

உங்களில் யாரோ ஒருவர் இந்த நேரத்தில் ஒரு குடும்பக் கதையை எழுதிக்கொண்டிருப்பீர்கள். வாடகை வீடு, வேலை போன அப்பா, எதையும் வாய்விட்டுச் சொல்லாத அம்மா, ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பாட்டி. நடுவில் எட்டு வயதில் ஒரு பிள்ளை. மற்றவர்களுக்கெல்லாம் பக்கம் பக்கமாக வசனம் எழுதியிருப்பீர்கள். அந்தப் பிள்ளைக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் திரைத்துறையைச் சேர்ந்தவள் இல்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சினிமாவை ஆசையாகப் பார்ப்பேன். பிள்ளைகளைப் பார்ப்பது என் வேலையாக இருந்தது. வீட்டில் பெரிய சண்டை நடந்த மறுநாள் காலையில் வகுப்புக்கு வரும் பிள்ளை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது அழாது. பென்சிலைச் சீவிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவனின் ரப்பரை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, நான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்யும். சில பிள்ளைகள் அன்றைக்கு மட்டும் வீட்டுப்பாடத்தை வழக்கத்தைவிட அழகாக எழுதிக்கொண்டு வந்து நீட்டுவார்கள். எனக்கு அதிகம் பயமாக இருந்தது அந்தப் பிள்ளைகளைப் பார்த்துத்தான்.

நம் படங்களில் அதே பிள்ளை கதவுக்குப் பின்னால் நிற்கிறது. காமிரா மெல்ல நெருங்குகிறது. கண்ணில் நீர் திரண்டு, சரியான நேரத்தில் கன்னத்தில் வழிகிறது. வயலின்கள் எழுகின்றன. அரங்கத்தில் இருப்பவர்களும் அழுகிறார்கள், நானும் அழுதிருக்கிறேன். ஆனால் வெளியே வந்ததும் அந்தப் பிள்ளையின் முகம் நினைவில் இருப்பதில்லை, ஒரு கண்ணீர்த் துளிதான் இருக்கிறது. அது எந்தப் பிள்ளையின் கண்ணீராகவும் இருக்கலாம்.

ஒரு படத்தைச் சொல்கிறேன். 1979-இல் வந்த அமெரிக்கப் படம், ராபர்ட் பென்டன் இயக்கிய 'கிராமர் வெர்சஸ் கிராமர்'. மனைவி வீட்டை விட்டுப் போன மறுநாள் காலை, அப்பா டஸ்டின் ஹாஃப்மன் மகனுக்கு ரொட்டியை முட்டையில் தோய்த்துச் சுட்டுத்தர முயல்கிறார். முட்டையைக் காப்பிக் கோப்பையில் உடைத்து ஊற்றுகிறார், ரொட்டி அதில் இறங்க மறுக்கிறது, மடித்துத் திணிக்கிறார். எல்லாம் சரியாக இருப்பதுபோல ஓயாமல் பேசுகிறார். கடைசியில் கையைச் சுட்டுக்கொண்டு கத்துகிறார். பிள்ளை பில்லியாக நடித்த ஜஸ்டின் ஹென்றிக்கு அதுதான் முதல் படம். அந்தக் காட்சியில் அவன் செய்வதெல்லாம் அப்பா செய்வது சரியில்லை என்று கவனிப்பது மட்டுமே. கோப்பையைப் பார்க்கிறான், அப்பாவின் முகத்தைப் பார்க்கிறான், அம்மா இப்படிச் செய்ய மாட்டாள் என்பது அவனுக்குத் தெரிகிறது. அந்தப் பார்வை இருப்பதால்தான் ஹாஃப்மனின் போலி உற்சாகம் நமக்குப் போலியாகத் தெரிகிறது. பையன் சும்மா உட்கார்ந்து வசனத்துக்காகக் காத்திருந்தால் அதே நடிப்பு வெறும் நகைச்சுவையாகப் போயிருக்கும்.

படம் முடியும் தறுவாயில் மறுபடி அதே சமையல். நீதிமன்றத் தீர்ப்பின்படி பையன் அம்மாவிடம் போக வேண்டிய நாள். இருவரும் பேசாமல் முட்டை உடைத்து, கலக்கி, ரொட்டியை நனைக்கிறார்கள். ஒருவர் கைக்கு இன்னொருவர் கை வழிவிடுகிறது. எத்தனை காலைகள் இருவரும் சேர்ந்து சமைத்திருக்கிறார்கள் என்பதை அந்தச் சின்னக் கைகளின் பழக்கம் சொல்லிவிடுகிறது. ஒரு சொல் இல்லை. எட்டு வயதில் ஜஸ்டின் ஹென்றி சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றான். போட்டிப் பிரிவுகளில் அவனைவிட இளைய வயதில் யாரும் இதுவரை பரிந்துரை பெற்றதில்லை. பரிந்துரை செய்தவர்கள் அவனுடைய அழுகையை நினைத்தார்களா, ஐஸ்கிரீம் காட்சியை நினைத்தார்களா என்று எனக்கு யோசனை ஓடும். சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு, அப்பா மிரட்ட மிரட்ட, பையன் போய் ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து வந்து கரண்டியை வாயருகில் கொண்டுபோவான். ஒவ்வோர் அடிக்கும் அப்பாவின் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்வான். எந்த எல்லையில் அடி விழும் என்று அளந்து பார்க்கிற பார்வை அது. நான்கு வயதுக்கு மேற்பட்ட எந்தப் பிள்ளைக்கும் யாரும் சொல்லித்தர வேண்டாத பார்வை.

இதைத்தான் நான் உங்களிடம் சொல்ல வந்தேன். நல்ல குழந்தை நடிப்பு முதலில் உயர்த்துவது அதன் பக்கத்தில் நிற்கும் பெரியவர்களின் நடிப்பை. திரையில் ஒரு பெண்ணை அம்மா என்று நம்பவைப்பது அவள் கட்டியிருக்கும் சேலையோ அவள் பேசும் தாய்ப்பாசமோ இல்லை. பிள்ளை அவளிடம் எப்படி அலட்சியமாக இருக்கிறது என்பதுதான். அம்மாவிடம் மட்டும்தானே பிள்ளைகள் அவ்வளவு அலட்சியமாக இருப்பார்கள்!

'காக்கா முட்டை'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ்வர்யா ராஜேஷ் அப்போது மிக இளம் நடிகை. இரண்டு பையன்களுக்குத் தாயாக அவரை நாம் ஒரு நிமிடம்கூடச் சந்தேகிக்கவில்லை. அவர் நன்றாக நடித்தார் என்பது உண்மை. ஆனால் விக்னேஷும் ரமேஷும் அவரைச் சுற்றிக்கொண்டு போகிற விதம், அவர் சொல்வதைக் காதில் வாங்காமல் பீட்சா கனவிலேயே இருக்கிற விதம், அதுதான் அவருக்குத் தாய் என்ற இடத்தைக் கொடுத்தது. அந்தப் பையன்கள் இருவருக்கும் தேசிய விருது கிடைத்ததில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி.

'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) இந்த விஷயத்தில் இன்னும் ஆழமானது. ராமேசுவரத்து அகதி முகாமில் பிறந்து, பெற்றவள் விட்டுப்போன பெண் அமுதா. சென்னையில் ஒரு எழுத்தாளரின் வீட்டில் செல்லமாக வளர்கிறாள். ஒன்பதாவது பிறந்தநாளில்தான் தான் தத்துப்பிள்ளை என்பது அவளுக்குத் தெரிகிறது. இப்படி ஒரு கதையை ஒரு வரியில் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றும்? பிள்ளையை விக்கி விக்கி அழவிடலாம் என்றுதானே? பி.எஸ். கீர்த்தனா செய்தது வேறு. அந்தப் பெண் கோபப்படுகிறாள். அதுவும் தன்னை விட்டுப்போனவள்மேல் கோபம் இல்லை. தன்னை வளர்த்த இந்திராமேல். அம்மாவாக நடித்த சிம்ரன்தான் அவளுடைய எல்லா முரண்டையும் வாங்கிக்கொள்கிறார். ஒரு பிள்ளை தன் வலியை எங்கே கொண்டுபோய்க் கொட்டும் என்றால், எங்கே கொட்டினாலும் தன்னை விட்டுப் போய்விட மாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில்தான் கொட்டும். வகுப்பறையில் இதைத் தினமும் பார்த்தவள் நான். வீட்டில் அடி வாங்கிய பிள்ளை, தன்னிடம் அன்பாக இருக்கும் ஆசிரியையிடம்தான் அடம்பிடிக்கும்.

கீர்த்தனா அந்த முரண்டை அழகுபடுத்தவில்லை. பார்ப்பவர்களுக்குத் தன்மேல் எரிச்சல் வரட்டும் என்று விட்டுவிடுகிறாள். அதனால்தான் சிம்ரனின் பொறுமை திரையில் கனக்கிறது. அந்த ஆண்டு தமிழில் சிறந்த நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருது சிம்ரனுக்குக் கிடைத்தது; கீர்த்தனாவுக்குச் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது. ஒன்றில்லாமல் மற்றொன்று இருந்திருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

இலங்கையில் பெற்றவளைச் சந்திக்கும் காட்சியில் அமுதா கேள்விகளை வரிசையாகக் கேட்கிறாள். என் அப்பா யார், ஏன் என்னை விட்டுவிட்டுப் போனாய் என்று. இயக்குநர் மணிரத்னம் நினைத்திருந்தால் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வைத்திருக்கலாம். பதிலாக அந்தப் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுத்தார்: கேட்க வேண்டியதைக் கேட்டு முடிப்பது. அவள் அந்த வேலையில் குறியாக இருக்கிறாள். உடைந்து போவது பெற்றவளாக நடித்த நந்திதா தாஸ். கேட்கிற பிள்ளை குறியாக இருப்பதால்தான் பதில் சொல்ல முடியாதவள் அப்படி நொறுங்குகிறாள்.

வசனமே இல்லாமலும் இதைச் செய்யலாம். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. மதுரைப் பக்கத்துக் கரட்டு நிலம், கொளுத்தும் வெயில். குடிகார அப்பன் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து மகன் வேலுவை இழுத்துக்கொண்டு கிளம்புகிறான், கோபித்துக்கொண்டு போன மனைவியைக் கூட்டி வர. வேலுவாக நடித்த செல்லப்பாண்டி படம் முழுக்கப் பேசுவது மிகக் கொஞ்சம். உனக்கு என்னைப் பிடிக்குமா அம்மாவைப் பிடிக்குமா என்று அப்பன் கேட்கும்போதும் பதில் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை ஒரு நிமிடமும் சும்மா இல்லை. பேருந்துக்கு வைத்திருந்த பணத்தைக் கிழித்துப் போடுகிறான். அதனால்தான் இருவரும் நடக்க நேர்கிறது. முன்னால் நடக்கும் அப்பனின் முதுகில் கண்ணாடித் துண்டால் வெயிலைப் பாய்ச்சுகிறான். வழியில் கிடைத்த நாய்க்குட்டியைத் தூக்கிக்கொள்கிறான். தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கல்லை எடுத்து வைக்கிறான். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் கற்கள் இருக்கின்றன.

இந்த நடை எத்தனையாவது தடவை என்பது அப்போது புரிகிறது. அந்தக் கணத்தில் செல்லப்பாண்டியின் முகத்தில் எதுவுமே இல்லை. புத்தகப் பையை ஆணியில் மாட்டுகிற மாதிரி, வழக்கமாகச் செய்கிற காரியம். முகத்தில் ஒரு சோகம் வந்திருந்தால் காட்சி செத்திருக்கும். அப்பனாக நடித்த கருத்தடையானின் வெறியையும் அந்தப் பிள்ளையின் பழகிப்போன அமைதிதான் அளந்து காட்டுகிறது. 75 நிமிடப் படம். எழுத எழுத எனக்கு மறுபடி பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

'அஞ்சலி' பற்றி ஒரு வார்த்தை. 1990-இல் அந்தப் படம் வந்தபோது ஊரே பேபி ஷாமிலியைக் கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்தக் குடும்பத்தை நான் நம்பியதற்குக் காரணம் அண்ணனும் அக்காவுமாக நடித்த தருணும் ஸ்ருதியும். புதிதாக வந்த தங்கையை அவர்களுக்குப் பிடிக்கவில்லை, அதை மறைக்கவும் தெரியவில்லை. பிள்ளைகளின் வெறுப்பு எவ்வளவு நேரடியாக இருக்கும் என்பதை அந்த இரண்டு பேரும் காட்டியதால்தான் பின்னால் வரும் பாசத்துக்கு மதிப்பு வந்தது. தேசிய விருதுக் குழு மூன்று பேருக்கும் சேர்த்து விருது கொடுத்தபோது, யாரோ சரியாகப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பெரிய மனுஷத்தனமாகப் பேசும் பிள்ளைகளை எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். தாத்தாவுக்கு அறிவுரை சொல்லும் பிள்ளை, அப்பா அம்மாவுக்கு இல்லறப் பாடம் எடுக்கும் பிள்ளை, தத்துவம் பேசிவிட்டுக் காமிராவைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளை. கைதட்டல் கிடைக்கும். ஆனால் அந்தப் பிள்ளை பேசுவது உங்கள் குரலில் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும், அப்புறம் அந்த வீட்டில் யார் பேசினாலும் உங்கள் குரல்தான் கேட்கும்.

இனி, எழுதச் சங்கடமான ஒன்று. அழுகையை எப்படி வாங்குகிறீர்கள்?

1948-இல் விட்டோரியோ டி சிக்கா இத்தாலியில் எடுத்த 'பைசைக்கிள் தீவ்ஸ்' பற்றி ஒரு கதையை நெடுநாளாகச் சொல்கிறார்கள். சிறுவன் என்ஸோ ஸ்டயோலா அழ வேண்டிய காட்சிக்காக, அவன் பையில் சிகரெட் துண்டுகளைப் போட்டுவிட்டு, சிகரெட் துண்டு பொறுக்குபவன் என்று எல்லோர் முன்னாலும் கேலி செய்தார்களாம். ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமியைப் பற்றியும், ஒரு பிள்ளையிடம் அவன் ஆசையாக வைத்திருந்த புகைப்படத்தைக் கிழித்து அழவைத்ததாகச் சொல்வார்கள். இருவரும் மேதைகள் என்பதால் இந்தக் கதைகளைச் சாமர்த்தியம்போலச் சொல்லிச் சிரிக்கிறோம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம்பி வந்த பிள்ளையை ஏமாற்றுவது எந்தக் கலைக்காகவும் சரியாகாது.

அதுவும் அந்த இத்தாலியப் படத்தில் என்னை உலுக்கியது அந்த அழுகை இல்லை. அப்பா சைக்கிள் திருடி மாட்டிக்கொண்டு, ஊரார் கையில் அவமானப்பட்டு நிற்கும்போது, கீழே விழுந்த அவருடைய தொப்பியை மகன் எடுத்துத் தூசு தட்டுகிறான். அப்பாவின் மானத்துக்கு அந்தப் பிள்ளையால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொள்கிறான். கன்னத்தில் நீர் வழிந்ததா என்பதைவிட அந்தத் தொப்பியைத் தட்டிய கைதான் எனக்கு முக்கியம். அதைச் செய்யவைக்க ஒரு பிள்ளையைக் கேலி செய்ய வேண்டியதில்லை. தொப்பியைத் தட்டிக்கொடு என்று சொன்னால் போதும்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயரும் படமும் வேண்டாம். வாரக்கணக்கில் படப்பிடிப்புக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தான். பாடத்தில் பின்தங்கியதை ஈடுகட்டிவிட்டோம். ஆனால் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தி வாசித்து முடித்ததும், "இன்னொரு தடவை வாசிக்கவா டீச்சர்?" என்று கேட்பான். நன்றாகத்தான் வாசித்தாய் என்றாலும் நம்ப மாட்டான். முதல் தடவையே சரியாக இருக்கக்கூடும் என்பதை அவனிடமிருந்து யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு அந்தக் கல்வி ஆண்டு போதவில்லை.

ஜாக்கி கூகன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1921-இல் சாப்ளினின் 'தி கிட்' படத்தில் உலகையே உருகவைத்த பிள்ளை. வளர்ந்த பிறகு பார்த்தால் சம்பாதித்த பணத்தில் பெரும்பகுதியைத் தாயும் மாற்றாந்தகப்பனும் செலவழித்திருந்தார்கள். 1938-இல் வழக்குப் போட்டான்; அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் வருமானத்தைக் காக்கும் சட்டம் வந்தது. நம் நாட்டிலும் விதிகள் இருக்கின்றன. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டு, 2017-இல் வந்த விதிகளின்படி, ஒரு குழந்தையை நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பு நிதியாகப் போக வேண்டும். பள்ளிப் படிப்பு தடைபடக் கூடாது.

இந்த ஐந்து மணி நேரத்தைத் தொல்லையாகப் பார்க்காதீர்கள். காலையில் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, நிதானமாக வந்த பிள்ளையின் முகத்தில்தான் நான் மேலே சொன்ன கவனம் இருக்கும். மாலை ஆறு மணிக்குப் பதினைந்தாவது டேக்கில் நிற்கும் பிள்ளை உங்கள் முகத்தை மட்டுமே பார்க்கும், எப்போது விடுவீர்கள் என்று. பக்கத்தில் நிற்கும் அப்பாவாக நடிப்பவரைப் பார்க்காது. பார்க்காத பிள்ளையை வைத்துக்கொண்டு நீங்கள் எந்தக் குடும்பத்தையும் எடுக்க முடியாது.

நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் கதையில் அந்தப் பிள்ளை வரும் காட்சிகளைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். 'அழுகிறாள்', 'கலங்குகிறான்', 'ஏக்கத்துடன் பார்க்கிறாள்' என்று எழுதியிருக்கும் இடங்களையெல்லாம் அடித்துவிட்டு, அந்த நேரத்தில் அந்தப் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். ஷூ லேஸ் கட்டுகிறதா, தம்பிக்குச் சோறு ஊட்டுகிறதா, அப்பாவின் செல்போனில் சார்ஜ் எவ்வளவு என்று பார்க்கிறதா. அம்மாவாக நடிப்பவரைப் படப்பிடிப்புக்கு முன்னாலேயே வரவழைத்து, அந்தப் பிள்ளைக்குச் சில நாள் தலை பின்னிவிடச் சொல்லுங்கள். முடிந்தவரை காட்சிகளைக் கோடை விடுமுறைக்குத் தள்ளுங்கள். பள்ளி நாட்களில் எடுக்கத்தான் வேண்டுமென்றால், நாள் குறிப்பதற்கு முன் அந்தப் பிள்ளையின் வகுப்பு ஆசிரியையை ஒரு முறை போய்ப் பாருங்கள். எந்தப் பாடம் நடக்கிறது, எப்போது தேர்வு என்பதோடு, அந்தப் பிள்ளை பயந்தால் எப்படி இருக்கும், பொய் சொன்னால் கண் எங்கே போகும் என்பதையும் அவர் உங்களுக்குச் சொல்வார்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை